சொப்பனச் சாட்சி

1846 ஆவணி 3, திங்கள்

இன்று பனாட்டுப் போட்டேன். இருபத்துமூன்று பனம்பழம் பிசைந்து, களியைப் பாயில் ஊற்றி வெயிலில் வைத்தேன். காகம் விரட்டியே பாதி நாள் போய்விட்டது.

இந்தக் கொப்பி, சித்திரையில் என் மகள் பிறந்தபோது மிஷன் பங்களா பெல்ச்சர் அம்மா தந்தது. பிள்ளை முதன்முதல் சிரித்த நாள், குப்புறப் புரண்ட நாள் எல்லாம் எழுதி வை என்றார். எழுதிய ஒன்பது பக்கங்களையும் நேற்றுக் கிழித்துவிட்டேன். மீதித் தாள் நல்ல தாள். வீணாக்க மனம் வரவில்லை.

நாலு நாளாக வாந்திபேதிச் சாவு இல்லை. ஆனி மாதத்திலிருந்து எங்கள் சபையில் மட்டும் முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். மூப்பர் கனகரின் இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரே கிழமையில் போனார்கள். என் மகள் அதற்கு அடுத்த கிழமை.

என் புருஷன், உபதேசியார், மாலையில் பள்ளிக்கூடத்தால் வந்து, மருத்துவிச்சி மார்த்தாக்காவை மிஷன் வளவில் பழைய பள்ளி அறையில் இருத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். அவள் சூனியம் செய்து நோயை ஊருக்குள் கொண்டுவந்தாள் என்று மூப்பர் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். சபைச் செயலாளர் என்பதால் விசாரணையை எழுதப்போவது இவர்தான்.

எனக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆவணி 5, புதன்

பனாட்டுக்கு இரண்டாம் களி ஊற்றினேன். இவருக்கு இடது கண்ணில் பூ விழுந்துகொண்டே வருகிறது. விசாரணையில் அவசரமாக எழுதுவதை வீட்டில் வைத்து அழகாகப் பிரதி பண்ண இவரால் முடியாது. அதை நான் செய்யவேண்டும். போர்டிங் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் படித்ததற்கு அந்த ஒரு வேலைக்காவது என் கையெழுத்து உதவுகிறது. நாகமுத்து என்ற பெயரோடு அங்கே போனேன். அமெரிக்காவில் எவரோ ஒரு சீமாட்டியின் பெயரைச் சூட்டி றேச்சல் என்று திருப்பி அனுப்பினார்கள்.

மார்த்தாக்காவுக்கு அந்தப் படிப்புக் கிடைக்கவில்லை. புருஷன் செத்த பிறகு, முப்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தவள். அதோடு அவளுடைய சொந்தக்காரர் வாசற்படி மிதிக்க விடவில்லை. மிஷன் வளவின் வேலியோரத்தில் ஒரு சின்ன வீட்டில் பதினைந்து வருடமாக இருக்கிறாள். எங்கள் சபையில் பிறந்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை.

சபை அவளை நீக்கினால் அந்த வீடும் போய்விடும். வெளியே சந்தைப் பக்கத்து ஆட்கள் ஏற்கெனவே தடி பொல்லோடு இரண்டு தடவை அவளுடைய வேலிப் படலைக்கு வந்து போயிருக்கிறார்கள்.

ஆவணி 7, வெள்ளி

முதல் நாள் விசாரணை. பெண்களுக்கு இடமில்லை. இவர் சொன்னதை எழுதுகிறேன்.

அமெரிக்க மிஷன் பாதிரி பெல்ச்சர் ஐயர் தலைமையில் ஒன்பது ஆண்கள் இருந்தார்கள். மார்த்தாக்காவின் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார்கள். வசம்பு, வேர் முடிச்சு, நூல், சின்னக் கத்தி, காய்ந்துபோன ஒரு கொப்பூழ்க்கொடித் துண்டு. மருத்துவிச்சியின் பெட்டியில் வேறென்ன இருக்கும் என்று நான் கேட்டேன். இவர் கஞ்சியைக் குடித்தார்.

மூப்பர் அவளிடம், நோய் கண்ட வீடெல்லாம் போய் வந்தாயே, உனக்கு மட்டும் ஏன் ஒன்றும் வரவில்லை என்று கேட்டாராம்.

"அது எனக்கும் விளங்கேல்லை, மூப்பர். நான் தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தான் குடிப்பன். பிள்ளைப்பேறு பாக்கிற வீட்டில பழகின பழக்கம். வேறையொண்டும் நான் செய்யேல்லை."

பிறகு பரமண்டல ஜெபத்தைச் சொல்லச் சொன்னார்கள். பிசாசின் ஆள் அதைத் தடுமாறாமல் சொல்லமாட்டாள் என்றார் மூப்பர். அதைக் கேட்டதும் பெல்ச்சர் ஐயரின் முகம் வெளுத்துப்போனதாம். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து வெளியே போய்விட்டார். அவர் இல்லாமலே அவளைச் சொல்ல வைத்தார்கள். நாலு நாளாக ஒழுங்கான சாப்பாடில்லாத மனுஷி பாதியில் தடுமாறினாள். அதுவும் எழுதப்பட்டது.

ஆவணி 9, ஞாயிறு

ஆராதனையில் மார்த்தாக்கா வழக்கமாக உட்காரும் இடத்தை வெறுமையாக விட்டுச் சுற்றிவர இருந்தோம். அவளுடைய கிணற்றில் தண்ணீர் அள்ளும் துலாக்கொடியை யாரோ அறுத்துவிட்டார்கள்.

ஆவணி 11, செவ்வாய்

பிரதி பண்ணத் தொடங்கினேன். காலையிலேயே ஆறு பக்கம் முடிந்தது. ஏழாம் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது.

மூப்பரின் மனைவி தெபோராக்கா கொடுத்த சாட்சி அது. விசாரணைக்கு அவள் வரவில்லை. அவள் சொன்னதாக மூப்பர் சொல்ல, இவர் எழுதியிருக்கிறார்:

'உபதேசியார் எபினேசரின் மனைவி றேச்சல் என்னிடம் சொன்னதாவது: மார்த்தா விடியற்காலையில் எங்கள் வீட்டுக்குள் வந்து, ஏணையில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெற்குப் பக்கமாய்ப் போனாள். அன்று மத்தியானம் பிள்ளை செத்தது.'

அது நான் கண்ட கனவு. பிள்ளை சாகும் நாள் விடியற்காலையில், சேலையில் கட்டிய ஏணைக்குக் கீழே கண்ணயர்ந்தபோது கண்டது. செத்த வீட்டுக்கு வந்திருந்த தெபோராக்காவிடம் சொன்னேன். கனவு என்றுதான் சொன்னேன். அவள் மூப்பரிடம் போய்ச் சொன்னபோது அந்தச் சொல் எங்கேயோ விழுந்துவிட்டது. வாய்க்கு வாய் மாறும்போது அப்படித்தானே ஆகும்.

இதை எழுதியவர் என் புருஷன். என் பெயரை எழுதும்போது இவர் கை நிற்கவில்லையா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் இவரிடம் கேட்கவில்லை.

ஆவணி 12, புதன்

ஏழாம் பக்கம் எழுதவில்லை. மை திரைந்துவிட்டது என்று இவரிடம் சொன்னேன்.

ஆவணி 13, வியாழன்

பெல்ச்சர் அம்மா சொல்லி, பழைய பள்ளி அறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சோறு, முருங்கையிலை வறை, கொஞ்சம் மோர். காவலுக்கு இருந்தவர் கதவைத் திறந்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

மார்த்தாக்கா மெலிந்திருந்தாள். ஆனால் தலையை வாரி முடிந்திருந்தாள். சாப்பிட்டு முடித்தாள். பிறகு, நேற்று ஒரு கடுதாசியில் கையெழுத்துக்குப் பதிலாகக் கீறு போடச் சொன்னார்கள், போட்டேன், அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். அது பிரதி பண்ண வந்திருந்தது. 'நான் போன வீடுகளில் என்னால் சாவு உண்டாயிற்று என்று ஒப்புக்கொள்ளுகிறேன்.'

நான் சொன்னேன். அவள் கீறு போட்ட தன் கையைப் பார்த்தாள்.

"நான் போன வீடுகளில சாவு வந்தது, என்னால ஒண்டும் செய்யேலாமல் போச்சு எண்டுதான் சொன்னனான் பிள்ளை."

கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"உன்ர பிள்ளைக்கும் அப்படித்தான். ரெண்டு நாள் இருந்து பாத்தன். சங்கால பருக்கின தண்ணியும் நிக்கேல்லை. அதைச் சொல்லி உன்னட்டை ஒருக்கா அழவேணும் எண்டு இருந்தன். அதுக்கிடையில இஞ்ச கொண்டுவந்திட்டினம்."

நான் வீட்டுக்கு வந்து கோப்பைகளைக் கழுவினேன். கழுவினதையே திரும்பவும் கழுவினேன்.

ஆவணி 14, வெள்ளி

பனாட்டு காய்ந்துவிட்டது. உரித்துச் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன். மழைக்காலம் வரைக்கும் போதும்.

ஆவணி 15, சனி

பதினோராம் தேதி எழுதியதை இன்று திருப்பி வாசித்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது.

தெபோராக்காவிடம் நான் கனவு என்று சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒருத்தி கர்த்தருடைய சித்தம் என்றாள். இன்னொருத்தி, தாய் குளிர்ச்சியாக ஏதாவது தின்றிருப்பாள், பாலில் இறங்கியிருக்கும் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் சொன்னேன். மார்த்தா வந்து தூக்கிக்கொண்டு போனாள் என்று சொன்னேன். சொன்னதும் அவர்கள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. என் பிள்ளையின் சாவில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

அந்தச் சொல் வாய்க்கு வாய் போகையில் விழவில்லை. நான்தான் அதைச் சொல்லாமல் விட்டேன்.

ஆவணி 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் இவரிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இவர் கையைக் கழுவிவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றார். நான் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு அருகில் போனபோது இவரே பேசினார். கனவாக இருக்கும் என்று எழுதும்போதே நினைத்தாராம். அன்று விடியற்காலையில் இவர் விழித்திருந்தார். வீட்டுக்குள் யாரும் வரவில்லை. இது தெரிந்தும் எழுதினார். மூப்பரைப் பகைத்தால் பள்ளிக்கூட வேலை போய்விடும், கண்ணும் போகிறது, பிறகு நாங்கள் என்ன செய்வது என்ற பயம்.

"நீர் எழும்பிப் பொய் எண்டு சொன்னா உம்மையும் அவளோட இருத்திப்போடுவினம், றேச்சல். அதை யோசிச்சுப் பாத்தனீரோ?"

யோசித்தேன் என்றேன். யோசித்ததால்தான் இத்தனை நாளும் பேசாமல் இருந்தேன் என்றேன்.

இவர் உள்ளே போய் மைக்கூட்டை எடுத்துவந்து எனக்கு முன்னால் வைத்தார். கலியாணம் கட்டி ஐந்து வருடத்தில் இவர் மேல் இவ்வளவு அன்பு வந்ததில்லை.

ஆவணி 17, திங்கள்

ஒரு விண்ணப்பம் எழுதினேன். மூன்று தடவை கிழித்து நாலாம் தடவை சரிவந்தது. முதல் வரி இது: 'றேச்சல் ஆகிய நான் கண்டது கனவு, அதை நேரில் கண்டதுபோல் சொன்னது என் பிழை.' அதற்குக் கீழே, மார்த்தாக்காவைத் தெரிந்த பெண்கள் தாங்கள் நேரில் அறிந்ததை மட்டும் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எங்கள் சபையில் எழுதத் தெரிந்த பெண்கள் இருபதுக்கு மேல் இருக்கிறோம். இத்தனை வருடத்தில் ஒருவரும் எங்களிடம் ஒரு கையெழுத்துக் கேட்டதில்லை.

நல்ல தாள் போதவில்லை. பெல்ச்சர் அம்மாவிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் பத்துத் தாள் தந்தார். கதவு வரைக்கும் வந்து, இன்னும் வேண்டுமென்றாலும் வா என்றார்.

ஆவணி 18, செவ்வாய்

நாலு வீடு போனேன். நாலு வீட்டிலும் முதல் வரியை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். போர்டிங்கில் என் பக்கத்துப் பாயில் படுத்த ஒருத்தி தாளைத் திருப்பித் தந்து, இனி இந்தப் பக்கம் வராதே என்றாள். அவளுடைய தங்கை மார்த்தாக்காவின் கையில் மூன்று பிள்ளை பெற்றவள்.

ஒரு கையெழுத்தும் இல்லை. கால் இரண்டும் செம்மண்.

ஆவணி 19, புதன்

காலையில் படலையில் யாரோ கூப்பிட்டார்கள். அந்தத் தங்கை. பெயர் ஆன். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. தமக்கைக்குத் தெரியாமல் வந்திருந்தாள். நின்ற நிலையிலேயே எழுதினாள்: 'என் இரண்டாம் பிள்ளை கால் முன்னுக்கு வந்தது. மார்த்தாள் ஒரு பகலும் ஒரு இரவும் என்னோடு இருந்து இரண்டு உயிரையும் காத்தாள். அவள் மந்திரம் சொல்லவில்லை. என்னைத் திட்டினாள்.'

கடைசி வரியை வேண்டுமானால் எடுத்துவிடு என்றேன். நடந்ததை எழுதச் சொன்னாய், அதுதான் நடந்தது என்றாள்.

ஆவணி 22, சனி

பதினொரு பேர் ஆகிவிட்டோம்.

ஆனின் பெயரைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு வாய் திறந்தது. ஒருத்தி, வாந்திபேதியில் தன் மாமியாரை மகன்மாரே தொடப் பயந்தபோது மார்த்தாக்கா துடைத்துக் கழுவியதை எழுதினாள். எழுதத் தெரியாத மூவர் சொல்ல நான் எழுதினேன். எழுதியதை உரத்து வாசித்துக் காட்டிய பிறகே கீறு போட விட்டேன். தன் புருஷனிடம் அடி வாங்குவேன் என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி கையெழுத்து வைத்தாள். அவள் பெயரை வெட்டிவிடட்டுமா என்று திரும்பிப் போய்க் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

சந்தைப் பக்கத்தில் இருவர் என்னைப் பார்த்து, சூனியக்காரிக்குத் துணை சூனியக்காரி என்றார்கள். வீட்டுக்கு வந்து படலையைக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். பிறகு அரிசி ஊறப்போட்டேன்.

ஆவணி 24, திங்கள்

இன்று தெபோராக்கா வந்தாள். மூப்பர் வெளியூர் போயிருக்கிறார் என்றாள். எங்கள் செத்த வீட்டுக்கு வந்து போன பிறகு அவளைக் கிட்டத்தில் நான் பார்க்கவில்லை. முன்தலை முழுக்க நரைத்துவிட்டது.

நான் வாயெடுப்பதற்கு முன்னே அவள், நீ கனவு என்று என்னிடம் சொல்லவில்லை என்றாள்.

ஓம் என்றேன். விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

அவள் தாளை வாங்கி எல்லாவற்றையும் வாசித்தாள். பிறகு, மூத்தவன் சாகும்போது மார்த்தா இரண்டு கையாலும் அவன் காலைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள் என்று சொன்னாள். அவளாவது வந்தாள், நீங்கள் சபையின் மூப்பர், மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று புருஷனிடம் கேட்டாளாம். அதற்குப் பிறகுதான் மூப்பர் முறைப்பாடு எழுதத் தொடங்கினார்.

"அவருக்கு ஆரையாவது பிடிச்சு உலுப்ப வேணும் போல கிடக்கு. எனக்கும்தான். ஆனா அவளைப் பிடிச்சு உலுப்பினா என்ர பிள்ளையள் வருவினமே?"

தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். கையெழுத்து வைக்கவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஆவணி 26, புதன்

எல்லாவற்றையும் இன்றே எழுதிவிடவேண்டும்.

விசாரணையின் கடைசி நாள். பள்ளி மண்டபத்தின் வாசலில் பதினாறு பெண்கள் வந்து நின்றோம். பதினாறு பேர் கையெழுத்து வைத்திருந்தோம். இவர் கூட்டக் குறிப்பை வாசிக்க எழுந்தவர் அதை மடித்து வைத்துவிட்டு, ஏழாம் பக்கத்தில் நான் எழுதியது உண்மையல்ல என்று தெரிந்தே எழுதினேன், அதைச் சொல்ல வேண்டியவர் வாசலில் நிற்கிறார் என்றார்.

மூப்பர் எழுந்து, சபையில் பெண்கள் பேசலாகாது என்று வேதத்தில் இருக்கிறது என்றார். பெல்ச்சர் ஐயர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு உள்ளே வரச் சொன்னார்.

மார்த்தாக்கா சுவரோரம் வாங்குப் பலகையில் இருந்தாள். அவள் பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

"நான் கண்டது கனவு. அதை நான் கனவு எண்டு சொல்லேல்லை. என்ர பிள்ளை செத்ததுக்கு என்னைக் குறை சொல்லுவினம் எண்ட பயத்தில மார்த்தாக்காவின்ர தலையில போட்டனான். அவ எங்கட வீட்டுக்கு வந்தது வைத்தியம் பாக்க மட்டும்தான்."

அதன் பிறகு விண்ணப்பம் முழுவதையும் வாசித்தேன். ஆனின் வரியில் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் முடித்ததும், பின்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெபோராக்கா வந்தாள். என் கையிலிருந்த தாளை வாங்கி, இவருடைய மேசையில் குனிந்து, பதினேழாவதாகத் தன் பெயரை எழுதினாள். மூப்பர் தன் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெல்ச்சர் ஐயர் பேசும்போது உட்கார்ந்திருக்கவில்லை. அவருடைய தமிழ் எப்போதும் வேதப்புத்தகத் தமிழ். இன்று அது தடுமாறியது.

"என் தேசத்திலே, எங்களைப்போல வேதம் வாசித்து ஜெபம்பண்ணுகிற ஜனங்களுக்குள்ளே, நூற்றைம்பத்துநாலு வருஷத்துக்கு முன்னே இப்படியே ஒரு விசாரணை நடந்தது. சொப்பனங்களையும் தரிசனங்களையும் சாட்சியென்று எடுத்தார்கள். ஜெபத்தில் தடுமாறினவர்களைப் பிசாசின் ஆட்கள் என்றார்கள். அயலவர் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களைத் தள்ளினார்கள். பத்தொன்பது பேரைத் தூக்கிலே போட்டார்கள். அந்த ஜூரிகளில் ஒருவர் என் பாட்டனாருக்குப் பாட்டனார். ஐந்து வருஷம் கழித்து, நாங்கள் மயங்கிப் போனோம், எங்களை மன்னியுங்கள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தக் கடுதாசியினால் செத்தவர் ஒருவரும் எழும்பி வரவில்லை. இதெல்லாம் அறிந்திருந்தும் மூன்று கிழமையாய் நான் வாய் திறக்கவில்லை. மூப்பருடைய துக்கத்துக்கு முன்னே பேசப் பயந்தேன். இந்தப் பெண்கள் பயத்தோடேயே நடந்து வந்தார்கள்."

சாட்சிகளில் கனவு, கேள்விப்பட்டது, ஊகித்தது எல்லாவற்றையும் வெட்டும்படி இவரிடம் சொன்னார். இவர் ஒவ்வொரு பக்கமாக வெட்டினார். கடைசியில் மார்த்தாக்காவின் பெட்டிச் சாமான்கள் மட்டும் மிஞ்சின.

அப்போது மூப்பர் கேட்டார். சத்தம் போடவில்லை.

"அப்ப என்ர பிள்ளையள் ஏன் செத்தவை?"

எனக்குத் தெரியாது என்றார் ஐயர்.

மார்த்தாக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இந்த மூன்று கிழமை விசாரணையில் ஒருவரும் கேட்காமலே அவள் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"எனக்கும் தெரியாது, மூப்பர். சின்னவன் கடைசியா உங்களைத்தான் தேடினவன். ஐயா கோயில்ல ஜெபம் பண்ணுறார், இப்ப வருவார் எண்டு சொன்னனான். சரியெண்டு கண்ணை மூடினவன். உங்களுக்குச் சொல்ல வேணும் எண்டு வந்தன். நீங்கள் கதவைத் திறக்கேல்லை."

மூப்பர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தெபோராக்கா போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குற்றம் இல்லை என்று ஏழு பேர் கையுயர்த்தினார்கள். ஒருவர் குற்றம் உண்டு என்று உயர்த்தினார். மூப்பர் எந்தப் பக்கமும் உயர்த்தவில்லை. அது போதும்.

ஆவணி 30, ஞாயிறு

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆராதனைக்கு மார்த்தாக்கா வந்தபோது ஆனும் நானும் இரண்டு பக்கமும் இருந்தோம். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பாயைக் காலியாகவே விட்டு ஒதுங்கியிருந்தார்கள். ஆனாலும் சந்தைப் பக்கத்து ஆட்கள் வந்தால் பார்த்துக்கொள்ளுகிறோம் என்று சபை வாலிபர்கள் ஐவர் முறைவைத்து அவள் படலையில் இருக்கிறார்கள்.

முடிந்து வெளியே வருகையில் மூப்பர் வேப்பமரத்தடியில் காத்துக்கொண்டு நின்றார். மன்னிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். கேட்கும்போது நிலத்தைப் பார்த்தார்.

மார்த்தாக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"மன்னிக்கிறதைப் பற்றிப் பிறகு பாப்பம், மூப்பர். இப்ப எனக்குக் கிணத்தில தண்ணி அள்ளத் துலாக்கொடி இல்லை."

மத்தியானத்துக்கு முன்னே மூப்பர் புதுக் கொடியோடு போய்த் தானே துலாவில் கட்டிக்கொடுத்தார் என்று இவர் வந்து சொன்னார்.

புரட்டாதி 1, செவ்வாய்

மார்த்தாக்காவின் வீட்டுக்குப் போனேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை ஊதிவிட்டு, இரு என்றாள். இருந்தேன். உலை கொதித்து அரிசி போடும் வரைக்கும் இருந்தேன். எழும்பி வரும்போது ஒரு சுளகு முருங்கைக்காய் தந்தாள்.

புரட்டாதி 8, செவ்வாய்

காலையில் மார்த்தாக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிடி வெண்மணல். அடுப்படி வாசலில் அதைப் பரப்பினாள்.

"எனக்கு எழுத்துப் பழக்கு பிள்ளை. இனி வாசிக்காமல் ஒரு கடுதாசியிலயும் கீறமாட்டன். மற்றது, என்னைப் பற்றி எழுதி வைச்சிருக்கிற அந்தப் புத்தகத்தை நான் வாசிக்க வேணும்."

வெட்டின பக்கங்களையுமா என்று கேட்டேன்.

வெட்டினதைத்தான் என்றாள்.

ஐயரிடம் கேட்டேன். கூட்டக் குறிப்புப் புத்தகத்தை வெளியே கொடுப்பது வழக்கமில்லை என்று இவர் சொன்னார். அவளைப் பற்றியதை அவள் வாசிக்கட்டும், வழக்கத்தை நான் பார்த்துக்கொள்ளுகிறேன் என்றார் ஐயர்.

ஐப்பசி 20, செவ்வாய்

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. எழுத்து மெதுவாகத்தான் ஏறுகிறது. ழகரமும் ளகரமும் அவளுக்குப் பகை. கோபம் வந்தால் மணலை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு எழுந்து போகிறாள். மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்கிறாள். எழுத்துத் தெரியாத அந்த மூவரும், சொல்லிக்கொடுக்க ஆனும் இப்போது கூட வருகிறார்கள். அடுப்படி வாசலில் இடம் காணாமல் மாமரத்தடிக்கு மாறினோம். இவர் பழைய பாய் ஒன்று கொண்டுவந்து போட்டார்.

கார்த்திகை 19, வியாழன்

மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஏணையை அவிழ்த்துத் துவைத்துப் பெட்டியில் வைத்தேன். மார்த்தாக்கா மற்ற முனையைப் பிடித்து மடித்துத் தந்தாள். அவள் முதல் பக்கத்தை ஒரு மாதமாக வாசித்து முடித்துவிட்டாள். தன் பெட்டியில் இருந்த சாமான்களின் பட்டியலில் வசம்பை விட்டுவிட்டார்கள் என்றாள்.

மார்கழி 17, வியாழன்

மழை விட்டிருந்தது. மற்றவர்கள் இன்று வரவில்லை. நாங்கள் இருவரும் மட்டும் உள்ளே, சன்னலருகில் இருந்தோம்.

வெட்டின வரிகளை மட்டும் வாசித்து வந்ததில் இன்று ஏழாம் பக்கம். இது வரும் என்று எனக்கு மூன்று மாதமாகத் தெரியும். பக்கத்தைத் திருப்பியதும் எனக்கு அடுப்படியில் வேலை இருப்பதுபோல் எழுந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். திரும்ப உட்கார்ந்தேன்.

விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். உ, ப, தே, சி, யா, ர். என் பெயரில் நின்று, றே என்றால் இதுதானா என்று கேட்டாள். ஓம் என்றேன். வெட்டுக்கோடு எழுத்துகளின் மேலாகப் போவதால் சில இடத்தில் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். 'ஏணையில் கிடந்த பிள்ளையை' என்பதற்கு வெகுநேரம் எடுத்தது. நான் உதவவில்லை.

கடைசிச் சொல் வரைக்கும் வாசித்தாள். பிறகு முதலிலிருந்து, இந்தத் தடவை நிறுத்தாமல், முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தாள். அவள் ஒரு வசனத்தை அப்படி நிறுத்தாமல் வாசித்தது அதுதான் முதல் தடவை.

வெளியே மாமரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். விசாரணை நாளில் பார்க்காமல் விட்டதை இன்று பார்த்தேன்.

பிறகு அவள் விரலைத் தாளில் கீழே இறக்கினாள்.

"சரி. அடுத்த வரியில என்ன கிடக்கு? இது ழகரமோ, ளகரமோ?"